பிள்ளை ஆடுகளத்தில் விழுந்தால் முதலில் தொட்டுப் பார்ப்பவர் யார்?

என் மகளுக்குக் கபடி ஆட்டத்தில் வலது முழங்கால் எலும்புகளைப் பிணைத்துப் பிடிக்கும் தசைநார் அறுந்து ஒன்றரை ஆண்டு ஆகப் போகிறது. இப்போது நடக்கிறாள், ஓடுகிறாள், மறுபடி களத்தில் இறங்கவும் தொடங்கிவிட்டாள். அதற்காக எங்கள் வீட்டிலிருந்து போனது ஏறக்குறைய இரண்டே கால் லட்சம் ரூபாய், அவளுடைய பத்தாம் வகுப்பின் பெரும்பகுதி, நான் வீட்டில் ரவிக்கை தைத்துச் சம்பாதிக்கும் பணத்தில் பல மாத வருமானம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. என் கணவர் லாரி ஓட்டுகிறார். நாசிக், இந்தூர் என்று லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அதனால் மருத்துவமனை, பணம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் நான் ஒருத்தியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, இதைச் செய், இதைச் செய்யாதே என்று சொல்லியிருந்தால் பாதிப் பணமும் பாதி வேதனையும் மிச்சமாகியிருக்கும். அப்படிச் சொல்ல ஆளில்லாத இன்னொரு தாய்க்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் மாதம், சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டி. என் மகள் எதிரணிப் பக்கம் நன்றாகப் பாடிப் போகிறவள். காலையில் இரண்டு ஆட்டம் முடிந்து, மதியத்துக்கு மேல் அரையிறுதி. கோட்டைத் தொட்டுவிட்டு வேகமாகத் திரும்பும்போது பாதம் மண்ணில் ஊன்றியபடியே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது, முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. எதிரணிப் பெண் ஒருத்திகூட அவளைத் தொடவில்லை. முட்டிக்குள்ளிருந்து "டப்" என்று ஒரு சத்தம் தனக்குக் கேட்டதாக அன்றே சொன்னாள். பி.டி. சார் ஓடிவந்து ஸ்பிரே அடித்தார், காலை நீட்டி இழுத்துவிட்டார், நடந்து காட்டச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். "சுளுக்குதான்மா, ஒன்றும் இல்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இடைவேளைக்குப் பிறகு மறுபடி இறக்கினார். அடுத்த முறை பாடிப் போனபோதே, யாரும் பிடிக்காமலே, கால் நழுவி விழுந்தாள். இந்த முறை எழுந்திருக்க முடியவில்லை.

அந்த ஆசிரியர் மீது எனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். பல நூறு பிள்ளைகளுக்கு அவர் ஒருவர்தான் உடற்கல்வி ஆசிரியர். அன்று பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டி வந்தது, சாப்பாடு வாங்கியது, பெயர்ப்பட்டியல் கொடுத்தது, இன்னொரு ஆட்டத்துக்கு நடுவராக நின்றது எல்லாம் அவரே. அந்த அணி வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டும் என்று யாரையும்விட அதிகம் ஆசைப்பட்டவரும் அவர்தான். ஒரு பிள்ளை தொடர்ந்து ஆடலாமா கூடாதா என்ற முடிவை, அவள் ஆட வேண்டும் என்று விரும்புகிறவரிடமே விடுவது அந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை. இந்த ஒன்றரை ஆண்டில் நான் தெரிந்துகொண்டவற்றில் பெரியது இதுதான்.

விழுந்த பிள்ளைக்கு வந்திருப்பது வெறும் சுளுக்கு இல்லை என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. முட்டிக்குள் சத்தம் கேட்டதாகப் பிள்ளை சொன்னால் நம்புங்கள். அடுத்த ஓரிரு மணி நேரத்துக்குள்ளேயே முட்டி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். சாதாரணச் சுளுக்கில் வீக்கம் மெதுவாகத்தான் ஏறும். நடக்கும்போது முட்டி தன்னால் விட்டுக்கொடுப்பது போல, கால் தன் கையில் இல்லாதது போலப் பிள்ளை சொன்னால் அது மூன்றாவது அடையாளம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று வையுங்கள். நடந்து காட்டு என்று சோதிப்பதில் பயனில்லை, ஏனென்றால் தசைநார் முழுதாக அறுந்தவர்களால்கூட நேராக நடந்துவிட முடியும். திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைப்பது, அழுத்தமான துணிக்கட்டு, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது, இவ்வளவுதான் முதல் நாள் வேலை. தைலம், ஒத்தடம், நீவுதல் எதுவும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் சூடும் நீவலும் உள்ளே கசிவைக் கூட்டும்.

எங்களுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. அன்று இரவே எக்ஸ்ரே எடுத்தோம். "எலும்பு முறிவு இல்லை, வலி மாத்திரை போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தசைநாரோ முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் ஜவ்வோ தெரியாது என்பதை யாரும் சொல்லவில்லை. எலும்பு முறிவு இல்லை என்ற அந்த ஒரு வரியை நம்பி வீடு திரும்பினோம். வீக்கம் வடியாததைப் பார்த்துவிட்டு வீட்டுப் பெரியவர்கள் கட்டு வைத்தியரிடம் கூட்டிப் போக முடிவு செய்தார்கள். என் அத்தைக்குக் கை முறிந்தபோது குணமாக்கியவர் என்பதால் அவர் மீது வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை. எண்ணெய் போட்டு நீவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். வாரம் ஒரு கட்டு என்று தீபாவளி நெருங்கும் வரை போனது. வீக்கம் வடிந்தது, வலியும் குறைந்தது. அதைக் குணமாகிவிட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். பள்ளியில் மாடிப்படி இறங்கும்போது இருமுறை கால் நழுவியது. அப்படி நழுவும் ஒவ்வொரு முறையும் முட்டிக்குள் அந்த ஜவ்வு நசுங்கிக் கிழிகிறது என்று பிறகு மருத்துவர் விளக்கினார். அந்த இரண்டு மாதத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அந்த ஜவ்வு.

உண்மை தெரிந்தது தற்செயலாகத்தான். மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் சித்தி இடுப்பு வலிக்காகப் போய்வரும் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார். சித்திக்குத் துணையாகப் போன இடத்தில், உடன் வந்த மகளைப் பார்த்து, "ஏன்மா தாங்கித் தாங்கி நடக்கிறாய்?" என்று கேட்டார். மேசையில் படுக்கவைத்து முட்டியை லேசாக மடக்கினார். ஒரு கையால் தொடையின் அடிப்பகுதியை இறுக்கிப் பிடித்து, மறு கையால் கெண்டைக்கால் எலும்பை முன்னால் இழுத்தார். முதலில் நல்ல காலில் செய்தார். கொஞ்சம் நகர்ந்து, கட்டிய கயிறு இழுபட்டு நிற்பது போலச் சட்டென்று நின்றது. பிறகு அடிபட்ட காலில் செய்து, என் விரலையும் முட்டிக்குக் கீழே வைத்துப் பார்க்கச் சொன்னார். எலும்பு முன்னால் வந்துகொண்டே இருந்தது, நிற்கும் இடமே இல்லை. "முன்பக்கத் தசைநார் அறுந்திருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கருவி இல்லை, செலவு இல்லை. விழுந்த உடனே, வீக்கம் ஏறித் தசை இறுகுவதற்கு முன்னால் செய்தால் இந்தச் சோதனை இன்னும் தெளிவாகத் தெரியும் என்றும் சொன்னார். அன்று கபடிக் களத்தின் ஓரத்தில் இது தெரிந்த ஒருவர் நின்றிருந்தால் என் மகள் இரண்டாவது முறை உள்ளே போயிருக்க மாட்டாள். வீடு திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

எம்.ஆர்.ஐ. ஏழாயிரம் ரூபாய். தசைநார் அறுந்திருக்கிறது, கூடவே ஜவ்வும் கிழிந்திருக்கிறது என்று வந்தது. பதினைந்து வயதுப் பெண் என்பதால் எலும்பு வளரும் பகுதி மூடிவிட்டதா என்று மருத்துவர் முதலில் பார்த்தார். அது மூடாத பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை முறையே மாறும். ஆகையால் இந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். தொடையின் பின்பக்கத் தசைநாரிலிருந்து எடுத்து முட்டிக்குள் புதிதாகப் பொருத்தினார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் ஆனது. தாலிக்கொடி தவிர மற்ற நகைகளை அடகு வைத்துக் கட்டினேன். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருந்தது. ஆனால் அந்தத் திட்டத்தில் சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும், அதுவும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும், கையிலிருந்து கட்டிய பணத்தைப் பிறகு கேட்டு வாங்க முடியாது என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் ஒருவர் சொன்னார். அவசரமாகச் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சை இல்லை இது. சில வாரம் பொறுக்கலாம், அந்த இடைவெளியில் முட்டியை முழுதாக நீட்டவும் தொடைத் தசைக்கு வலு ஏற்றவும் பயிற்சி செய்வது பின்னால் நல்ல பலன் தரும். ஆகவே முதலில் காப்பீட்டு மேசைக்குப் போய் உங்கள் சிகிச்சையும் அந்த மருத்துவமனையும் பட்டியலில் உண்டா என்று எழுதி வாங்குங்கள். பிறகு தேதி குறியுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்படிதான் எல்லோரும் பேசினார்கள். உண்மையில் கஷ்டம் அதற்குப் பிறகுதான். தொடையின் முன்பக்கத் தசை மூளை சொல்வதைக் கேட்கவே இல்லை. "தொடையை இறுக்கு" என்றால் முகம் இறுகும், தொடை அசையாது. அவளே அதைப் பார்த்து அழுவாள். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டி தானாகத் தாழ்ந்து நேராகும் வரை படுத்திருக்க வேண்டும். முட்டி முழுதாக நீளாமல் சில டிகிரி நின்றுவிட்டால் வாழ்நாளெல்லாம் நொண்டல் தங்கிவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொன்னதால், எத்தனை வலியிலும் இதை விடவில்லை. மதுரைக்குப் போகும் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் காலை நீட்டி உட்காரவைத்தால் நடத்துநரோடு ஒவ்வொரு முறையும் பேச்சு. அதனால் இரண்டு டிக்கெட் கூடுதலாக எடுத்த நாளும் உண்டு. வகுப்பறை மாடியில் இருந்தது. கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுத்தேன், மாற்றிக் கொடுத்தார்கள். வாயால் கேட்டபோது நடக்காதது எழுதிக் கொடுத்தபோது நடந்தது. பொதுத் தேர்வை எழுதி முடித்தாள், எதிர்பார்த்த மதிப்பெண்ணைவிடக் குறைவுதான்.

ஆறாவது மாதத்தில் வலி இல்லை, ஓடவும் முடிந்தது. உடனே ஆடலாம் என்று அவளும் அவளுடைய தோழிகளும் துடித்தார்கள். இங்கேதான் பல பிள்ளைகளின் கால் மறுபடி அறுகிறது. அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது மாதம் ஆவதற்குள் களத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுகாயம் அதிகம் என்பதால், ஒன்பது மாதமும் ஆக வேண்டும், காலின் வலுவைப் பார்க்கும் சோதனைகளிலும் தேற வேண்டும். ஒற்றைக் காலில் தாண்டும் தூரத்தை அடிபட்ட காலுக்கும் நல்ல காலுக்கும் ஒப்பிடுவார்கள், தொடைத் தசையின் வலுவையும் அப்படியே. நல்ல காலின் அளவில் 90 சதவீதமாவது வந்தால்தான் களம். நாள்காட்டியை மட்டும் பார்த்து அனுப்புகிறவர் சொல்வதைக் கேட்காதீர்கள். சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் ஓடிய நாளிலிருந்து மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பெண்பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பும் வீடுகள் கூடியிருப்பதை நானே பார்க்கிறேன். அதே பெண்பிள்ளைகளுக்குத்தான், குதித்துத் திரும்பும் ஆட்டங்களில், இந்தத் தசைநார்க் காயம் ஆண்பிள்ளைகளைவிட அதிகம் வருகிறது. அனுப்புகிற நாம் இதைத் தெரிந்து அனுப்ப வேண்டும்.

என் தம்பி டெக்சாஸில் இருக்கிறான். போனில் இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தன் மகனுக்கு நடந்ததைச் சொன்னான். பள்ளிக் கால்பந்துப் பயிற்சியில் பையனுக்குக் கணுக்கால் பிசகியது. களத்தின் ஓரத்திலேயே அத்லெட்டிக் டிரெய்னர் என்ற சுகாதாரப் பணியாளர் நின்றிருந்தார். அழுத்திப் பார்த்தார், கட்டுப் போட்டார், அன்று ஆடக் கூடாது என்று சொன்னார், பயிற்சியாளர் மறுபேச்சுப் பேசவில்லை. மாலைக்குள் பெற்றோருக்குத் தகவல், மருத்துவருக்கு ஒரு குறிப்பு. "அக்கா, இங்கே அது பள்ளிக்கூடத்தின் வேலைதான்" என்றான். அந்த நாட்டில் இந்தத் தொழிலுக்கு 1950 முதல் தேசிய சங்கம் இருக்கிறது, 1990-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றது. மருத்துவரின் வழிகாட்டலில் வேலை செய்கிறார்கள். காயம் வராமல் பார்ப்பது, வந்தால் அடையாளம் காண்பது, முதலுதவி, பயிற்சி, திரும்ப ஆடலாமா என்று சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றே களத்தில் இறக்கக் கூடாது, தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுதிக் கொடுத்த பிறகே திரும்ப வேண்டும் என்று 2009-ல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் போட்டது. சில ஆண்டுகளில் மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. அங்கேயும் எல்லாப் பள்ளியிலும் இவர்கள் முழுநேரமாக இல்லை, பணமில்லாத பள்ளிகளில் குறைவு என்று தம்பி சொன்னான். ஆனால் பள்ளிச் செவிலியர், மன நல ஆலோசகர், மருத்துவர் இருக்கும் குழுவில் இவர்களும் சேர வேண்டும் என்ற பேச்சு அங்கே தொடர்ந்து நடக்கிறது.

நம் ஊரில் இதற்கு ஆளே இல்லையா? இருக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர் கொண்ட குழு வண்டியில் பள்ளிக்கு வருகிறது. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என்று 18 வயது வரை பார்க்கிறார்கள். என் மகளின் பல்லையும் கண்ணையும் ரத்தசோகையையும் அவர்கள்தான் பார்த்தார்கள். விளையாட்டுக் காயம் அந்தப் பட்டியலில் இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அரசின் பிசியோதெரபிஸ்ட்கள் பக்கவாதம் வந்தவர்களின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். இந்த இரண்டையும் பள்ளி மைதானத்தில் சேர்த்தால் போதும். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு குறுவட்டத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், வாரத்தில் ஒரு நாள் ஒரு பள்ளி, போட்டி நாளில் மைதானம். யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வலிப்பு என்ற விவரம் அந்தச் சிறார் நலக் குழுவிடம் இருக்கிறது, அது போட்டி நாளில் களத்தில் இருப்பவர் கையில் வர வேண்டும். என் மகள் விழுந்த அதே நாளில் நெடுந்தூர ஓட்டத்தில் ஒரு பையன் வெயில் தாங்காமல் குழறிப் பேசியபடி விழுந்தான். கூட்டமாக நின்று முகத்தில் தண்ணீர் தெளித்து வண்டிக்குக் காத்திருந்தார்கள். வெயிலில் நினைவு தடுமாறினால் 108-க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை உடம்பு முழுவதையும் தண்ணீரில் நனைத்துக் குளிர்விக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது என்பது உலகம் முழுக்க ஏற்ற முறை. மதுரை வெயிலுக்கு இது எல்லா உடற்கல்வி ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பையன் பிழைத்துக்கொண்டான்.

அரசு செய்யும் வரை காத்திருக்காமல் நாங்கள் செய்ததையும் சொல்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். காயம் பட்ட பிள்ளை அன்றைக்கு மறுபடி ஆடக் கூடாது, முடிவு பயிற்சியாளருடையது இல்லை, பெற்றோருக்கு உடனே போன் போக வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஐஸ் பெட்டி, அழுத்தக் கட்டுத் துணி, ஒரு தூக்குப் படுக்கை வாங்கப்பட்டன. அந்த ஆரப்பாளையம் பிசியோதெரபிஸ்ட் போட்டி நாட்களில் வருவதற்கு ஒப்புக்கொண்டார், அவருக்கான தொகையைப் பெற்றோர் பகிர்ந்துகொள்கிறோம். பி.டி. சார்தான் இதற்கு முதல் கையெழுத்துப் போட்டார். இன்னொன்றும் அவர் தொடங்கியிருக்கிறார். உலகக் கால்பந்து அமைப்பான பிஃபாவின் 11+ என்ற முன்பயிற்சி கால்பந்துக்காக உருவானது, செலவில்லாதது, இருபது நிமிடம். மெதுவோட்டம், ஒற்றைக் கால் சமநிலை, குந்தி எழுதல், குதித்து முட்டி உள்ளே மடங்காமல் இறங்குதல் எல்லாம் அதில் உண்டு. வாரத்தில் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயம் கணிசமாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கபடிப் பெண்கள் இப்போது அதைச் செய்துவிட்டுத்தான் கோட்டுக்குள் போகிறார்கள்.

உங்கள் பள்ளியில் கேட்க வேண்டுமானால் ஜூன் மாதக் கூட்டத்திலேயே கேளுங்கள். குறுவட்டப் போட்டி அட்டவணை வந்துவிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. களத்தில் காயத்தைப் பார்ப்பவர் யார், ஆடக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, பக்கத்தில் எம்.ஆர்.ஐ. வசதியும் காப்பீடும் உள்ள மருத்துவமனை எது என்ற மூன்றுக்கும் பதிலைத் தாளில் வாங்கி, அந்தத் தாளைப் பிள்ளையின் விளையாட்டுப் பையில் வைத்துவிடுங்கள்.